அகஸ்தியர்கூடத்துக்கு ஒரு பாஸ்

2005-ல் பழவங்காடி பக்கம் பேங்க் வேலை. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நண்பர்களோடு அகஸ்தியர்கூடம் கிளம்பினேன். தங்கமணிக்கும் ஆசைதான். ஆனால் அந்தக் காலத்தில் பாஸ் ஆம்பளைகளுக்கு மட்டும். குறுமுனி பிரம்மச்சாரியாம்! (அப்போ லோபாமுத்திரை யாருங்க?)

போனக்காட்டில் ஆரம்பித்து, அதிருமலை முகாமில் ராத்தங்கல், மறுநாள் 1,868 மீட்டர் உச்சி. நம்ம தாமிரபரணி பிறக்கிற மலை. 1855-ல் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் ஆலன் பிரவுன் இங்கேயும் ஒரு ஆய்வகம் கட்டினார். அந்தக் காட்டில் கருவிகளை மேலே சுமந்தவர்களை நினைத்தாலே எனக்கு மூச்சு வாங்கியது. வழி தெரிந்தவர்கள் காணி மக்கள். 1987-ல் ஆராய்ச்சியாளர்களுக்கு ஆரோக்கியப்பச்சை மூலிகையைக் காட்டியதும் அவர்கள்தான்.

2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம், பெண் என்பதற்காகத் தடுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் பாதுகாப்புத்துறை அதிகாரி தன்யா சனல் ஏறினார். காணி மக்கள் அடிவாரத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், ஆனால் யாரையும் மறிக்கவில்லை. அது அவர்கள் வணங்கும் இடம். அந்த வருத்தத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை.

சீசனில் மட்டும் பாதை திறப்பது, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்பது, இதெல்லாம் யானைக்காட்டுக்கு அவசியம். நம்ம கூட்டம் போன இடத்தில் பிளாஸ்டிக் கவர் முளைக்காமல் இருக்குமா? ஆனால் அந்தக் கணக்கில் ஆண், பெண் எங்கே வருகிறது?

லீவுக்கு ஊருக்குப் போகும்போது பாஸ் எடுக்கச் சொல்லி மகள் நச்சரிக்கிறாள். தங்கமணி ஷூவே வாங்கிவிட்டாள். என் முட்டிதான் யோசிக்கிறது :-)