பார்க்கின்சனுக்கு மூளையில் ஒரு 'பேஸ்மேக்கர்': டிபிஎஸ் சிகிச்சை யாருக்கு, எப்போது கைகொடுக்கும்?

நடுங்கிக்கொண்டிருக்கும் ஒரு கை, சுவிட்ச் போட்டதும் அப்படியே அடங்கிவிடும் வீடியோவை வாட்ஸ்அப்பிலோ யூடியூபிலோ நீங்களும் பார்த்திருக்கலாம். அது கிராஃபிக்ஸ் இல்லை, உண்மைதான். டீப் பிரெயின் ஸ்டிமுலேஷன், சுருக்கமாக டிபிஎஸ் என்ற சிகிச்சை அது. தமிழில் ஆழ்மூளைத் தூண்டல் என்கிறார்கள். ஆனால் யாருக்கு இது பலன் தரும், எந்தக் கட்டத்தில் செய்ய வேண்டும், எதைச் சரிசெய்யாது என்பதையெல்லாம் அந்த வீடியோ சொல்வதில்லை.

உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ பார்க்கின்சன் இருந்தால், "ஆபரேஷன் எல்லாம் கடைசியில பார்த்துக்கலாம்" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். டிபிஎஸ் விஷயத்தில் இந்த யோசனைதான் சிக்கல். கடைசிக் கட்டத்தில் செய்தால் பெரிய பலன் இருக்காது. ரொம்ப சீக்கிரம் செய்யவும் தேவையில்லை. இடையில் ஒரு காலம் இருக்கிறது. அதைத் தவறவிடாமல் இருப்பதுதான் முக்கியம்.

பார்க்கின்சனில் என்ன நடக்கிறது?

லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-ல் இந்த நோயை விவரித்து எழுதினார். மூளையில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதால் உடல் அசைவுகள் கட்டுப்பாட்டை இழக்கின்றன. கை நடுக்கம், உடல் இறுக்கம், எல்லாவற்றிலும் மந்தம் ஆகியவை முக்கிய அறிகுறிகள்.

முதல் சிகிச்சை மாத்திரைதான். மூளைக்குள் போய் டோபமைனாக மாறும் லெவோடோபா இன்றும் மிகச் சிறந்த மருந்து. தொடக்கத்தில் சில ஆண்டுகள் நன்றாகவே வேலை செய்யும். பிறகு ஒரு வேளை மாத்திரையின் பலன் அடுத்த வேளை வரைக்கும் தாங்காது. மருந்து வேலை செய்யும் 'ஆன்' நேரம், உடல் உறைந்ததுபோல் ஆகும் 'ஆஃப்' நேரம் என ஒரு நாளே துண்டு துண்டாகிவிடும். டோஸைக் கூட்டினால் உடல் தானாக நெளியத் தொடங்கும். இதற்கு டிஸ்கைனீசியா என்று பெயர். டிபிஎஸ் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் வருகிறது.

டிபிஎஸ் எப்படி வந்தது?

நடுக்கத்தை நிறுத்த, மூளையின் தலாமஸ் பகுதியில் ஒரு சிறு புள்ளியைச் சுட்டு அழிக்கும் அறுவை சிகிச்சை முன்பு இருந்தது. 1987-ல் பிரான்ஸின் கிரெனோபிள் நகரில் டாக்டர் அலிம் லூயி பெனபிட், சுடுவதற்கு முன் சரியான இடம்தானா என்று பார்க்க மின்சாரம் செலுத்திப் பார்த்தபோது, அதிக அதிர்வெண்ணில் நடுக்கம் நின்றது. மின்சாரத்தை நிறுத்தியதும் திரும்ப வந்தது. அப்படியானால் எதற்கு அழிக்க வேண்டும்? மின்முனையை உள்ளேயே வைத்துவிடலாமே என்ற யோசனை அங்கிருந்து பிறந்தது.

அமெரிக்காவில் மாலன் டிலாங்கின் குழு குரங்குகளில் செய்த ஆய்வு, சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற மிகச் சிறிய பகுதி பார்க்கின்சனில் அளவுக்கு மீறி இயங்குவதை 1990-ல் காட்டியது. இன்று டிபிஎஸ்-ஸில் அதிகம் குறிவைக்கப்படும் இடம் அதுதான். பெனபிட், டிலாங் இருவருக்கும் 2014-ல் லாஸ்கர் விருது கிடைத்தது.

ஆபரேஷனில் என்ன செய்வார்கள்?

தலையில் ஒரு சட்டத்தைப் பொருத்தி, எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் உதவியுடன் இலக்கை மில்லிமீட்டர் கணக்கில் குறிப்பார்கள். மண்டையோட்டில் சிறு துளையிட்டு, 1.27 மி.மீ. தடிமன் உள்ள மின்முனையை உள்ளே இறக்குவார்கள். பெரும்பாலும் இரண்டு பக்கமும்.

பல இடங்களில் இந்தக் கட்டத்தில் நோயாளி விழித்திருப்பார். மூளைக்கு வலி தெரியாது. "கையை மூடித் திறங்க", "ஒண்ணு ரெண்டு எண்ணுங்க" என்று டாக்டர் சொல்லச் சொல்ல, நடுக்கம் குறைகிறதா, பேச்சு குழறுகிறதா என்று பார்த்து இடத்தை உறுதி செய்வார்கள். முழு மயக்கத்தில் செய்யும் முறையும் உண்டு. பிறகு, காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் பேட்டரிக் கருவியை வைத்து, கழுத்து வழியாக ஒயரை இணைப்பார்கள்.

கருவியை வழக்கமாகச் சில வாரங்கள் கழித்துதான் ஆன் செய்வார்கள். நொடிக்குச் சுமார் 130 துடிப்புகள் என்ற அளவு பரவலாகப் பயன்படுகிறது. ஒருவருக்கு ஏற்ற அளவைக் கண்டுபிடிக்கப் பல முறை டாக்டரிடம் போக வேண்டியிருக்கும். சில மாதங்கள் ஆகலாம். வீடியோவில் பார்த்தது சில நொடிகள்தான். வீட்டில் பொறுமை தேவை.

எது சரியாகும், எது ஆகாது?

ஒரு எளிய விதி இருக்கிறது: லெவோடோபா எதைச் சரிசெய்கிறதோ, அதைத்தான் டிபிஎஸ்-ஸும் சரிசெய்யும். 'ஆன்' நேரத்தில் கிடைக்கும் உடல்நிலையை நாள் முழுக்க நீட்டிக்கும், அவ்வளவுதான். நடுக்கம் மட்டும் விதிவிலக்கு. மாத்திரைக்கு அடங்காத நடுக்கமும் இதில் அடங்கலாம்.

- நன்றாகக் குறைபவை: நடுக்கம், இறுக்கம், மந்தம், 'ஆஃப்' நேரம், உடல் நெளிவு. பலருக்கு மாத்திரையின் அளவும் கணிசமாகக் குறையும்.
- பொதுவாகச் சரியாகாதவை: மறதி, பேச்சுக் குழறல், மாத்திரை போட்டும் மாறாத தடுமாற்றம். சிலருக்குப் பேச்சு இன்னும் மோசமாகலாம்.

இது நோயைக் குணப்படுத்தாது. செல்கள் அழிவதையும் நிறுத்தாது.

சரி, எப்போது யோசிக்க வேண்டும்?

'5-2-1' என்ற கணக்கை மனதில் வையுங்கள். ஒரு நாளைக்கு 5 அல்லது அதற்கு மேல் முறை லெவோடோபா, 2 மணி நேரம் அல்லது அதற்கு மேல் 'ஆஃப்', 1 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தொந்தரவு தரும் உடல் நெளிவு. இவற்றில் ஒன்று இருந்தாலும், "டிபிஎஸ் பற்றிப் பேசலாமா?" என்று டாக்டரிடம் கேட்கும் நேரம் வந்துவிட்டது. கேட்பது வேறு, உடனே செய்துகொள்வது வேறு.

ஜெர்மனியிலும் பிரான்ஸிலும் 251 பேரிடம் நடத்தி 2013-ல் வெளியான எர்லிஸ்டிம் ஆய்வு முக்கியமானது. இவர்களுக்குச் சராசரியாக ஏழரை ஆண்டுகளாக நோய் இருந்தது. மருந்தின் ஏற்ற இறக்கங்கள் தொடங்கி அதிகபட்சம் 3 ஆண்டுகளே ஆகியிருந்தன. 2 ஆண்டுகளில் டிபிஎஸ் செய்தவர்களின் வாழ்க்கைத் தரம் 26 சதவீதம் மேம்பட்டது. மருந்து மட்டும் எடுத்தவர்களிடம் முன்னேற்றமே இல்லை. அமெரிக்காவின் எஃப்டிஏ 2016-ல், நோய் வந்து குறைந்தது 4 ஆண்டுகள் ஆனவர்களுக்கும் இதை அனுமதித்தது.

முடிவுக்கு முன் லெவோடோபா சோதனை செய்வார்கள். இரவு முழுக்க மாத்திரையை நிறுத்தி, காலையில் டோஸ் கொடுத்து, எவ்வளவு முன்னேற்றம் என்று அளப்பார்கள். பொதுவாக 30 சதவீதமாவது எதிர்பார்ப்பார்கள். பூனைக்காலிப் பொடி சாப்பிடுபவராக இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அதிலும் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது.

மறதி நோய் முற்றியவர்கள், கட்டுக்குள் வராத மனச்சோர்வு உள்ளவர்கள், பார்க்கின்சன் போலவே தோன்றும் வேறு நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு இது பொருந்தாது.

ரிஸ்க் என்ன?

மூளையில் ரத்தக்கசிவு அரிதாக நேரலாம். ஆனால் நேர்ந்தால் பாதிப்பு பெரிது. கிருமித்தொற்று வந்தால் கருவியையே எடுக்க வேண்டியிருக்கும். மனநிலை மாற்றங்களையும் வீட்டில் கவனிக்க வேண்டும். திடீர்ச் சோர்வு, தற்கொலை எண்ணம், அளவு மீறிய உற்சாகம் என எது தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிசியோதெரபியில் தரும் டயதெர்மி சிகிச்சை கூடவே கூடாது, உயிருக்கே ஆபத்து. எம்ஆர்ஐ எடுக்கும் முன் கருவி இருப்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

செலவும் இன்சூரன்ஸும்

டெல்லி எய்ம்ஸ், பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா போன்ற அரசு நிறுவனங்களிலும் பல தனியார் மருத்துவமனைகளிலும் டிபிஎஸ் செய்கிறார்கள். செலவு பல லட்சம். அதில் பெரும்பங்கு கருவிக்கே போகும். சாதாரண பேட்டரியைச் சில ஆண்டுகளில் மாற்ற வேண்டும். ரீசார்ஜ் செய்யும் வகை விலை அதிகம், ஆனால் நீண்ட நாள் உழைக்கும்.

உங்கள் கம்பெனி பாலிசியில் பெற்றோரைச் சேர்த்திருக்கிறீர்களா? இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், விலக்கக் கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியலில் டிபிஎஸ்-ஸும் இருக்கிறது. ஆனால் அதற்குத் தனி உச்சவரம்பு வைக்க நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. அந்தத் தொகை எவ்வளவு, பேட்டரி மாற்றுவதற்கும் பொருந்துமா என்று எச்ஆரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.

டாக்டரைப் பார்க்கும் முன்

- ஒரு வாரத்துக்கு, மாத்திரை போட்ட நேரம், 'ஆன்', 'ஆஃப்' நேரங்களைக் குறித்து வையுங்கள்.
- இரண்டு நிலைகளிலும் நடப்பதைப் போனில் வீடியோ எடுங்கள்.
- பொது நியூராலஜிஸ்ட்டோடு நிறுத்தாமல், அசைவுக் கோளாறுகளுக்கான சிறப்பு மருத்துவரையும் பாருங்கள்.
- ஆபரேஷனுக்குப் பிறகு புரோகிராமிங் யார் செய்வார், எத்தனை முறை வர வேண்டும் என்று கேளுங்கள்.
- அப்பா, அம்மாவிடமே கேளுங்கள்: "எது சரியானா உங்களுக்குப் போதும்?" சட்டை பட்டன் போடுவதா, ராத்திரி புரண்டு படுப்பதா, தெளிவாகப் பேசுவதா? முதல் இரண்டுக்கு டிபிஎஸ் உதவக்கூடும். மூன்றாவதுக்கு உதவும் என்று நம்பி ஆபரேஷனுக்குப் போகக் கூடாது.