முட்டியும் சுண்ணாம்பும்

திருகோணமலைத் துறைமுகத்தை விட்டு வடக்கு நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையிலே, ஏறக்குறைய ஒன்பது மைல் தொலைவில் நிலாவெளி அமைந்துள்ளது. ஒரு புறம் வெண்மணற்கரை. கரைக்கு அப்பால் புறாத்தீவு. மறு புறம் உவர்நிலமும் பனைமரங்களும். உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதிகளிலே குளிரூட்டிய பீர்ப் போத்தல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். பனை மரமோ இப்போத்தல்கள் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே மனிதனுக்குப் பானம் கொடுத்து வந்தது. போத்தலுக்குள் இருப்பதும் பாளையிலிருந்து வடிவதும் வெவ்வேறு பொருள்கள் ஆயினும், அவற்றை ஆக்குவோரை வாட்டிய கவலை ஒன்றே: பாத்திரத்தைத் தூய்மையாக வைத்திருக்க வேண்டும், ஆனால் தூய்மை செய்யும் பொருளின் சுவை பானத்திலே ஏறிவிடக் கூடாது.

இக்கவலையின் காரணத்தை விளங்கிக்கொள்வதற்குப் பனையின் பாளையே நல்ல ஆசான். மரத்தினுள்ளே ஓடும் சாறு கிருமியற்றது. நடுநிலையான தன்மை உடையது. நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு வரையில் கரும்புச் சர்க்கரையை ஒத்த சர்க்கரையைக் கொண்டது. பாளையைச் சீவிய வாயிலிருந்து ஒரு சொட்டு வெளிப்பட்ட அக்கணமே காற்றும், ஈயும், கத்தியும், முட்டியும் அதைத் தீண்டுகின்றன. இனிப்பு நீர் என்பது யார் முதலில் வந்து அமர்கிறாரோ அவருக்கே உரிய சொத்து. நொதிப்பூஞ்சை எனப்படும் மதுவம் முந்திக்கொண்டால் கள். பால்புளிப்புக் கிருமிகள் முந்திக்கொண்டால் புளித்த நீர். வேறொரு வகைக் கிருமி புகுந்தால் சாறு கோழைபோல் இழுபடும். காற்றோட்டத்தில் ஓரிரு நாள் கிடந்தால் காடியாகும். இவை எல்லாம் ஒரே மரத்தின், ஒரே பாளையின் சாற்றில் நிகழக்கூடியவை. எது நிகழும் என்பதைத் தீர்மானிப்பதில் முட்டிக்குப் பெரும் பங்கு உண்டு.

சீவல் தொழிலாளர் இதனை நுணுக்குக்காட்டி இல்லாமலே அறிந்திருந்தனர். கருப்பநீர் வேண்டுமாயின் முட்டியின் உட்புறத்திலே சுண்ணாம்பு பூசினர். சங்கையும் சிப்பியையும் முருகைக் கல்லையும் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு கடற்கரை ஊர்களிலே எளிதிற் கிடைத்தது. வெற்றிலைக்கும் அது வேண்டும், சுவருக்கும் வேண்டும், முட்டிக்கும் வேண்டும். சுண்ணாம்பு கரைந்த சாறு கடுங்காரத் தன்மை அடைகிறது. அந்தக் காரத்திலே மதுவம் வளராது. சர்க்கரையைப் பிளக்கும் நொதியும் செயலிழந்துவிடும். சர்க்கரை பிளவுபட்டுவிட்டால், எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பாகு இறுகாது, பனங்கட்டி ஆகாது. ஆகவே ஒரு குடும்பத்தின் ஆண்டு வருவாய் முட்டியின் உட்சுவரிலே தடவிய மெல்லிய வெண்பூச்சை நம்பியிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் சுண்ணாம்பு இலவசமாகக் காவல் புரிவதில்லை. குறைந்தால் சாறு புளிக்கும். கூடினால் நாக்கைச் சுடும், பனங்கட்டி கறுக்கும், கைப்பேறும். இத்தனை விரற்கடை பூசுக என்று எழுதி வைத்த விதி இல்லை. வெயிலின் கடுமை, மரத்தின் வயது, முட்டி பழையதோ புதியதோ என்பவை எல்லாம் கணக்கில் வரும். இறக்கிய கருப்பநீரைத் தெளியவிட்டுத் துணியில் வடிப்பது மிஞ்சிய சுண்ணாம்பை நீக்குவதற்கே. பிற்காலத்திலே ஆய்வாளர் பொசுபேற்றுச் சேர்த்துச் சுண்ணாம்பைப் படிய வைக்கும் முறையை வகுத்தனர். காவலனை உள்ளே விட்டு, வேலை முடிந்ததும் வெளியேற்றுவதே இரண்டின் நோக்கமும்.

கள்ளுக்குரிய முட்டியின் கதை வேறு. அதிலே சுண்ணாம்பு கிடையாது. மட்பாண்டம் நுண்துளைகள் நிறைந்தது. எவ்வளவு கழுவினாலும் முந்திய நாளின் மதுவம் அத்துளைகளிலே தங்கியிருந்து புதுச் சாறு விழுந்தவுடன் விழித்துக்கொள்ளும். ஆகவே முழுத் தூய்மை கள்ளுக்கு உதவாது. நன்றாகச் சுட்டெடுத்த புது முட்டியிலே கள் சோம்பலாகவே விளையும். அதற்காக முட்டியைக் கழுவாமலே விட்டாலோ, ஈக்கள் கொண்டுவரும் காடிக் கிருமிகள் குடியேறி, சில நாட்களிலேயே மூக்கைப் பிடிக்கச் செய்யும். கழுவுவதும் வேண்டும், ஏதோ ஓரளவு விட்டு வைப்பதும் வேண்டும். இத்துணை நுட்பமான அளவைக் கையால் அறிந்திருந்த தொழிலாளரைச் சமூகம் தாழ்வாரத்துக்கு வெளியே நிறுத்தி வைத்தது என்பது வெட்கத்துக்குரிய செய்தி.

பனையை விட்டுத் தானியத்துக்கு வந்தால், வீட்டிலே மது விளைவித்தலைப் பற்றிய தமிழ்ச் சான்று மிகப் பழையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படை தொண்டைமான் இளந்திரையனைப் பாடுவது. அதிலே வலைஞர் குடியிருப்பைக் கூறும் பகுதியில் அரிசிக் கள் ஆக்கும் முறை படிப்படியாக வருகிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவுகின்றனர். அகன்ற வாயுடைய பிழாவிலே இட்டு ஆற்றுகின்றனர். புற்றின் குரும்பியை ஒத்த அடையை அதனோடு கலக்கின்றனர். வலிய வாயையுடைய சாடியிலே இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து வடித்தெடுக்கின்றனர். முளை நெல்லாலாகிய அடை என்பர் உரைகாரர். இன்றைய பீர் ஆக்குவோன் முளைகட்டிய பார்லியைப் பயன்படுத்துவதற்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு. களியை ஆற்றிய பின்னரே அடையைக் கலப்பது கவனிக்கத் தக்கது. சூட்டோடு கலந்தால் மதுவம் இறந்துவிடும். பச்சை மணம் நீங்கும் வரை விளைவிப்பதும், வெந்நீரும் அவ்விடத்திலேயே பேசப்படுகின்றன. யாழ்ப்பாணத்திலே கள்ளுக் குடிக்கும் ஓலைப் பாத்திரத்துக்குப் பிளா என்று பெயர் வழங்குவது அப்பழைய பிழாவை நினைவூட்டும்.

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே கித்துள் மரத்துக்கு வேறொரு காவலன் இருந்தான். 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவிலே கண்டி அரசனின் ஆட்களிடம் அகப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தம் நூலிலே கித்துள் சாற்றின் இனிமையையும் அதைக் காய்ச்சிச் சர்க்கரை செய்வதையும் வியந்து எழுதினார். சிங்கள மக்கள் முட்டியிலே ஹல் மரத்தின் பட்டையை இடுவது உண்டு. அப்பட்டையின் துவர்ப்புப் பொருள் கிருமிகளை அடக்கும். அதுவும் சுவையில் தன் தடத்தை விடாமற் போவதில்லை. ஆயினும் அந்நாட்டார் அத்துவர்ப்பைக் குறையாகக் கொள்ளவில்லை. பழகிய நாக்கு காவலனின் சுவையையும் பானத்தின் சுவையாகவே ஏற்றுக்கொள்கிறது போலும்.

நொக்ஸ் அகப்பட்ட அதே நூற்றாண்டிலே திருகோணமலைக் கோட்டைக்காகப் போர்த்துக்கேயரோடு பொருத ஒல்லாந்தர், வைன் மிடாக்களுக்குள் கந்தகத் திரியைக் கொளுத்திப் புகையூட்டும் வழக்கத்தாலும் பெயர் பெற்றவர்கள். கந்தகப் புகை மரத்தின் இடுக்குகளுக்குள் புகுந்து பூசணத்தை அழித்தது. அளவு மீறினால் மூக்கைத் துளைக்கும் நெடி ஏறியது. சுண்ணாம்பைப் பற்றிச் சொன்னவை எல்லாம் கந்தகத்துக்கும் பொருந்தும்.

ஆங்கிலேயர் காலத்திலே பீர் இத்தீவுக்குள் புகுந்தது. சாமுவேல் பேக்கர் 1849இல் நுவரெலியாவிலே சிறிய அளவில் பீர் வடித்தார் என்பது மரபு. 1881இல் அங்கே வணிக முறை வடிசாலை எழுந்தது. குளிர்ந்த மலையையும் தெளிந்த ஊற்று நீரையும் அவர்கள் தேர்ந்தது சுவைக்காக மட்டுமன்று. வெப்பம் குறைந்த இடத்திலே வேண்டாத கிருமிகள் மெதுவாகப் பெருகும். திருகோணமலை போன்ற கடற்கரை வெக்கையிலே திறந்த தொட்டியில் பீர் விளைவிப்பது பெரும் துணிவாகும்.

அந்நாள் வரை பீர் கெடுவதற்குக் காரணம் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. பிரான்சு 1870ஆம் ஆண்டுப் போரிலே ஜெர்மனியிடம் தோற்ற பின், லூயி பாஸ்டர் பீரை ஆராயத் தொடங்கி 1876இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். கெட்ட பீரில் எப்போதும் அயற் கிருமிகள் இருப்பதை நுணுக்குக்காட்டியின் கீழ் காட்டினார். 1883இல் கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எமில் கிறிஸ்தியன் ஹன்சன், ஒற்றை மதுவ உயிரிலிருந்து தூய இனத்தை வளர்த்தெடுத்தார். தொழிலாளியின் கையும் மூக்கும் அறிந்திருந்ததற்கு அப்போதுதான் ஏட்டிலே பெயர் கிடைத்தது.

காரணம் தெரிந்தவுடன் மருந்தும் பெருகிற்று. சாள்ஸ் தெனன்ற் என்பவர் 1799இல் உரிமம் பெற்ற வெளுக்கும் தூள், சுண்ணாம்பிலே குளோரின் வாயுவை ஏற்றி ஆக்கப்பட்டது. பழைய முட்டியின் சுண்ணாம்பு இங்கே புது வேடம் பூண்டு வந்தது எனலாம். குளோரின் கிருமியைக் கொல்வதிலே வல்லது. ஆனால் பீருக்குப் பொல்லாத விருந்தாளி. முளைத் தானியத்தின் உமியிலும் மதுவத்தின் விளைவிலும் உள்ள பீனோல் வகைப் பொருள்களோடு அது கூடினால், மருந்துச் சாலையின் நெடியை நினைவூட்டும் குளோரோபீனோல் உண்டாகும். கோடிக்கணக்கான பங்கிலே ஓரிரு பங்கு இருந்தாலும் நாக்கு கண்டுபிடித்துவிடும். எனவே குளோரினைப் பயன்படுத்தியவர் பலமுறை கழுவ வேண்டியிருந்தது. கழுவும் நீரே தூயதல்லவாயின் உழைப்பெல்லாம் வீண். இச்சிக்கலைத் தீர்க்கப் பின்னர் இரண்டு வழிகள் கைகொடுத்தன. ஒன்று, பாற்பண்ணைகளிலிருந்து வந்த அயடீன் கரைசல். பத்து இலட்சம் பங்கிலே பன்னிரண்டரைப் பங்கு என்னும் அளவிலே அதைப் பயன்படுத்தினால் கழுவ வேண்டியதில்லை. மற்றொன்று, வேலை முடிந்ததும் காடிப் பொருளும் ஒட்சிசனும் நீருமாகச் சிதைந்துவிடும் பெரசெற்றிக் அமிலம். வீட்டிலே பீர் ஆக்கும் மேல்நாட்டார் இன்று பெரிதும் நம்புவது இத்தகைய கழுவாத காவலர்களையே. அழுக்கை முதலிலே தேய்த்துப் போக்காமல் எந்த மருந்தை ஊற்றினாலும் பயனில்லை என்பதை மட்டும் அவர்களுள்ளும் பலர் பட்டே அறிகின்றனர்.

அவ்வாறு வீட்டிலே ஆக்கும் உரிமை எங்கும் இருந்ததில்லை. பிரித்தானியாவிலே 1963 வரை அதற்கு உரிமம் வேண்டும். அமெரிக்காவிலே 1978இல் இயற்றிய சட்டமே கூட்டாட்சி அளவில் அதற்கு வாயில் திறந்தது. இலங்கையிலே 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டம் கள்ளையும் தவறணையையும் அரசின் பிடிக்குள் கொண்டுவந்தது. தவறணைகளின் பெருக்கத்துக்கு எதிராக அவ்வாண்டிலேயே மதுவிலக்குக் கிளர்ச்சியும் மூண்டது. தமிழ்நாட்டிலே இராஜாஜியின் அமைச்சரவை 1937இல் சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1948இல் சென்னை மாகாணம் முழுவதற்கும் அது பரவிற்று. பதநீர் இறக்குவதற்கு மட்டும் இடமிருந்தது. அதற்கு அடையாளம் முட்டியின் சுண்ணாம்பு. அதிகாரி மரத்தடியில் நின்று முட்டிக்குள் எட்டிப் பார்ப்பார். உட்புறம் வெண்மையாயின் சட்டத்துக்கு உட்பட்டது, வெறும் மண்ணாயின் குற்றம். சமையலறையில் பிறந்த ஒரு கைப்பழக்கம் நீதிமன்றத்திலே சான்றாக நிற்கும் நிலையை எய்திற்று. சுண்ணாம்பு கரைந்து போகும் மழைநாளிலே குற்றமற்றவனும் அஞ்ச வேண்டியிருந்தது என்பதை அச்சட்டத்தை வகுத்தவர் எண்ணிப் பார்த்தனரோ, இல்லையோ.

இலங்கையிலே 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்தது. கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கும் முயற்சியும் வடபகுதியிலே வளர்ந்தது. இங்கேதான் பழைய கவலை மிகக் கடுமையாகத் தலைதூக்கியது. கள் உயிருள்ள பானம். காலையில் இனிக்கும், நண்பகலில் உறைக்கும், மறுநாள் புளிக்கும். மூடிய போத்தலிலே மதுவம் தன் வேலையை நிறுத்தாது. வாயு பெருகிப் போத்தல் வெடிக்கும். வெடிக்காமல் இருக்கப் பாஸ்டர் காட்டிய வழியே போத்தலைச் சூடாக்கினால், மதுவம் அடங்கும். கூடவே மரத்தடியில் குடித்தவர் அறிந்த வாசனையும் அடங்கிவிடும். சூடு ஏற்றாவிட்டால் விற்பனைக்கு ஆயுள் இல்லை; ஏற்றினால் விற்பது கள்தானா என்ற ஐயம். ஆராய்ச்சியாளர் வெப்பத்தின் அளவையும் நேரத்தையும் குறைத்துப் பார்த்தனர். பாதி வெற்றி கிட்டிற்று. வெளிநாடு சென்ற தமிழர் போத்தலைத் திறந்து முகர்ந்து, இது ஊரிலே குடித்தது போல் இல்லையே என்று சொல்வதற்குக் காரணம் நினைவின் மயக்கம் மட்டுமன்று.

நிலாவெளிப் பனைகள் யுத்தத்தையும், 2004ஆம் ஆண்டு திசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையையும் கண்டவை. ஏறுவோர் தொகை குறைந்துவிட்டது. மண்முட்டிக்குப் பதிலாகப் பிளாத்திக்குக் கொள்கலமும் மரமேறிற்று. அது இலேசானது, உடையாதது, துளையற்றது. மண்ணின் நுண்துளையிலே குடியிருந்த மதுவத்துக்கு அதிலே இடமில்லை. கீறல் விழுந்த இடத்திலே காடிக் கிருமிக்கோ தாராளமாக இடமுண்டு. மண்முட்டியைக் கைவிடாத தொழிலாளி இன்றும் அதை மணலிட்டுத் தேய்த்து, நீரில் அலசி, கவிழ்த்து வெயிலில் காய வைக்கிறான். மாலையில் ஏறும் முன் அதை எடுத்து முகர்ந்து பார்க்கிறான். மணம் சரியில்லை என்று தோன்றினால், அன்று அந்த முட்டி மரமேறாது.