பெட்டியில் அச்சிட்ட நினைவகம்

1984 ஜனவரியில் ஆப்பிள் வெளியிட்ட மேக்கின்டோஷின் விலை 2,495 டாலர்; நினைவகம் 128 கிலோபைட். அகலத்தில் 512, உயரத்தில் 342 புள்ளிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் திரைக்கே அதில் ஏறத்தாழ 22 கிலோபைட் போய்விட்டது. இயங்குதளத்தின் பெரும்பகுதியை 64 கிலோபைட் ரோம் சில்லுக்குள் அடக்கியும் இடம் போதவில்லை. மேக்ரைட் என்ற எழுதும் மென்பொருளில் சுமார் எட்டுப் பக்கத்துக்கு மேல் ஒரு கட்டுரை வளர முடியாது. ஒரு பிளாப்பியை நகலெடுக்க வேண்டுமானால் இரண்டு பிளாப்பிகளையும் மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டே இருக்க வேண்டும்.

பயனர்கள் பெட்டியைத் திறந்து விரிவாக்குவதை ஸ்டீவ் ஜாப்ஸ் விரும்பவில்லை. ஆனாலும் மின்சுற்றுப் பலகையை வடிவமைத்த பரல் ஸ்மித், அடர்த்தி கூடிய சில்லுகள் வந்தால் 512 கிலோபைட் வரை ஏற்கும்படி சத்தமில்லாமல் வழிசெய்து வைத்திருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் 512 கிலோபைட் மேக் விற்பனைக்கு வந்தது. பழைய மேக் வைத்திருந்த துணிச்சல்காரர்கள் 16 சில்லுகளைப் பெயர்த்தெடுத்துப் புதியவற்றைப் பற்றவைத்துக்கொண்டார்கள்.

மேசைக் கணினியின் வரலாறு நெடுகிலும் இந்தச் சிக்கலைப் பார்க்கலாம். இயங்குதளம் எழுந்து நிற்கத் தேவையான அளவு ஒன்று. ஆள் உட்கார்ந்து நிம்மதியாக வேலை பார்க்கத் தேவையான அளவு வேறு. பெட்டியில் பெரிதாக அச்சானது முதல் அளவுதான்.

1995 ஆகஸ்ட் 24 அன்று வந்த விண்டோஸ் 95 கேட்டது 4 மெகாபைட். 8 இருந்தால் நல்லது என்று மைக்ரோசாஃப்டே சொன்னது. அப்போது ஒரு மெகாபைட் நினைவகம் 30 டாலரை ஒட்டி விற்றது. வீடுகளில் இருந்த எத்தனையோ கணினிகளில் 4 மெகாபைட்தான் இருந்தது. அவற்றின் உரிமையாளர்களை இழந்துவிடாதிருக்கவே அந்த எண் அவ்வளவு தாழ்வாக வைக்கப்பட்டது. ரேம் நிரம்பியதும் இயங்குதளம் தன் சுமையின் ஒரு பகுதியை ஹார்ட் டிஸ்குக்குத் தள்ளும். தேவைப்படும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும். ஆனால் டிஸ்க், ரேமைவிடப் பல ஆயிரம் மடங்கு மெதுவானது. 4 மெகாபைட்டில் இரண்டு நிரல்களைத் திறந்தவர்கள் டிஸ்க் கடகடப்பதைக் கேட்டபடி காத்திருந்தார்கள்.

அந்தத் தவிப்பைக் காசாக்கியது சின்க்ரோனிஸ் என்ற கலிஃபோர்னிய நிறுவனம். நினைவகத்தை இரட்டிப்பாக்கும் என்று சொல்லி அது விற்ற சாஃப்ட்ரேம் 95 மென்பொருளை 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாங்கினர். மார்க் ருசினோவிச் உள்ளிட்ட வல்லுநர்கள் பிரித்துப் பார்த்தபோது, அது எதையும் இரட்டிப்பாக்கவில்லை என்பது தெரிந்தது. 1996இல் அமெரிக்க மத்திய வணிக ஆணையம் தலையிட்டது. அதே ஆண்டு ரேம் விலை சரிந்தது. உண்மையான நிவாரணம் அதுதான்.

2001இல் விண்டோஸ் எக்ஸ்பி 64 மெகாபைட் கேட்டது. 2007இல் விஸ்டா 512. விஸ்டா சும்மா கிடக்கும் நினைவகத்தில் அடிக்கடி திறக்கும் நிரல்களை முன்கூட்டியே ஏற்றிவைத்தது. காலியிடம் குறைந்ததைக் கண்டு பயனர்கள் பதறினாலும், உத்தி சரியானதே: தேவை வந்ததும் அந்த இடம் உடனே விடுவிக்கப்படும். உண்மையான நெருக்கடி, 512 மெகாபைட்டோடு விற்கப்பட்ட கணினிகளில்தான் இருந்தது.

2009இல் வந்த விண்டோஸ் 7-க்கும் 2015இல் வந்த விண்டோஸ் 10-க்கும் 32 பிட் பதிப்பில் ஒரே அளவு, 1 கிகாபைட். இயங்குதளத்தின் பசி அடங்கிய அதே காலத்தில் உலாவியின் பசி வளர்ந்தது. 2008இல் அறிமுகமான குரோம் தாவல்களைத் தனித்தனிச் செயல்களாக இயக்கியது. ஒன்று முடங்கினாலும் மற்றவை பிழைக்கும். அதற்கு விலை, கூடுதல் நினைவகம். இயங்குதளத்தின் எண்ணை மட்டும் நம்பி வாங்கிய கணினி பத்துத் தாவல்களிலேயே திணறியது இதனால்தான்.

2021இல் விண்டோஸ் 11 கேட்டது 4 கிகாபைட். 2024 அக்டோபரில் ஆப்பிள் தன் மேக்குகளின் தொடக்க அளவை 8இலிருந்து 16 ஆக்கியது. முதல் மேக்கின்டோஷைவிட 1,31,072 மடங்கு. செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கும் இப்போது இடம் வேண்டியிருக்கிறது. 2020இல் வந்த எம்1 சில்லு முதல், மேக்கின் நினைவகம் செயலியோடு ஒரே தொகுப்பில் பொருத்தப்படுகிறது. பின்னால் கூட்ட வழியில்லை. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் எவ்வளவு தேவைப்படும் என்பதை, வாங்கும் அன்றே கணித்துவிட வேண்டிய கட்டாயம் வாங்குபவருக்கு வந்திருக்கிறது.