தீக்குச்சியை விட்டுப் போனது, எலிப்பசையில் தங்கியது

சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் வரலாற்றை எல்லோரும் 1923இலிருந்துதான் ஆரம்பிப்போம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய கதை எங்கள் மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்குப் பத்து வருஷம் முன்னால் போனால், அதிகம் பேசப்படாத ஒரு சட்டம் வருகிறது: 1913ஆம் ஆண்டின் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சித் தடைச் சட்டம். இந்தப் பதிவு அந்தச் சட்டத்தையும், அது தொடாமல் விட்ட ஒரு பொருளையும் பற்றியது. அந்தப் பொருள், நம் வீட்டுப் பரணிலும் அடுப்படி மூலையிலும் கிடந்த எலிப்பசை.

முதலில் கொஞ்சம் வேதியியல். பாஸ்பரஸை 1669இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் சிறுநீரைக் காய்ச்சிப் பிரித்தெடுத்தார். அவர் தேடியது தங்கம்; கிடைத்தது இருட்டில் ஒளிரும் மெழுகு போன்ற ஒரு பொருள். அதுதான் வெள்ளை பாஸ்பரஸ். வெளிச்சம் பட்டுக் கொஞ்சம் மஞ்சளித்தால் மஞ்சள் பாஸ்பரஸ் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். காற்றுப் பட்டால் தானே பற்றிக்கொள்ளும். பூண்டு வாசனை அடிக்கும். கடுமையான விஷம். சிவப்பு பாஸ்பரஸ் வேறு. அதே தனிமம்தான் என்றாலும் அணுக்களின் கட்டமைப்பு மாறியிருப்பதால் தானாகத் தீப்பற்றாது, விஷத்தன்மையும் மிகக் குறைவு.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தீக்குச்சிகள் வெள்ளை பாஸ்பரஸால் ஆனவை. சுவரில் உரசினாலும் செருப்பில் உரசினாலும் பற்றும் என்பதால் நல்ல விற்பனை. அதற்கு விலை கொடுத்தது தொழிலாளர்களின் தாடை எலும்பு. பாஸ்பரஸ் ஆவியை வருஷக்கணக்கில் சுவாசித்தவர்களுக்குப் பல்வலியில் ஆரம்பித்து, ஈறு புண்ணாகி, தாடை எலும்பே அழுகியது. 1888இல் லண்டனில் பிரையன்ட் அண்ட் மே ஆலையின் பெண் தொழிலாளர்கள் சுமார் 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியும் அபராதங்களும் முதல் காரணம். இந்த நோயும் அப்போது பேசுபொருளானது. 1906இல் பெர்ன் நகரில் ஏழு ஐரோப்பிய நாடுகள் வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய ஒப்பந்தம் போட்டன. பிரிட்டன் 1908இல் தடைச் சட்டம் இயற்றியது. அதன் தொடர்ச்சிதான் 1913இன் இந்தியச் சட்டம்.

அதனால் சிவகாசியில் தொழில் ஆரம்பித்தபோது வெள்ளை பாஸ்பரஸுக்கு வேலையே இல்லை. நம் ஊர்த் தீக்குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை முதலியவை. பெட்டியின் பக்கவாட்டில் பூசிய மருந்தில்தான் சிவப்பு பாஸ்பரஸ் இருக்கிறது. இரண்டும் உரசும்போதுதான் நெருப்பு. வெடிவிபத்து, குழந்தைத் தொழில் என்று சிவகாசி பட்ட துயரங்கள் பெரிய பட்டியல். ஆனால் தாடை அழுகும் அந்த நோய் இந்த ஊர்த் தீப்பெட்டிக்காரர்களுக்கு வராமல் போனதற்கு, ஊரில் முதல் குச்சி தயாராகும் முன்பே வந்துவிட்ட அந்தச் சட்டம் காரணம்.

சரி, எலிக்கு வருவோம்.

மேற்கே திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் மலையடிவாரம். கிழக்கே சாத்தூர், அருப்புக்கோட்டை என்று மானாவாரிக் கரிசல். அறுவடை முடிந்து காட்டில் இரை குறைந்தால் எலி வீட்டுக்கு வரும். அந்தக் காலத்தில் கம்பும் சோளமும் குலுக்கையில் இருந்தன. மண்ணும் வைக்கோலும் குழைத்து ஆளுயரத்துக்குக் கட்டி, கல் வைத்து அதன்மேல் நிறுத்தி, மேல்வாயை மூடி, அடியில் சின்னத் துளை வைத்துத் துணியால் அடைத்திருப்பார்கள். எலி ஏறவும் சிரமம், துளைக்கவும் சிரமம். பூச்சிக்கு நொச்சி இலை, வேப்பிலை. தானியம் சாக்குக்கு மாறியபோது எலிக்கு வேலை சுலபமாகிவிட்டது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அட்டை ஒட்டும் வீடுகளில் மைதாப் பசை வேறு. எலிக்கும் கரப்பானுக்கும் அது விருந்து. பசையில் மயில்துத்தம் கலக்கும் வழக்கம் பூச்சியைத் தடுக்கத்தான் வந்தது.

எலியைப் பிடிக்கப் பொறியும் பூனையும் எப்போதும் உண்டு. பொறியில் மசால் வடை வைத்து, காலையில் மாட்டியதைக் கொண்டுபோய்ச் சாகடிப்பது நிறையப் பேருக்குப் பிடிக்காத வேலை. அந்த இடத்தில்தான் பசை வந்தது. ட்யூபில் கிடைக்கும். தேங்காய்ச் சில்லிலோ தக்காளியிலோ தடவி வைத்தால் போதும். மளிகைக் கடையில் சோப்பு, ஊதுபத்திக்குப் பக்கத்திலேயே இருக்கும், விலையும் சொற்பம். அதில் நூற்றுக்கு மூன்று பங்கு மஞ்சள் பாஸ்பரஸ். 1913இல் தீக்குச்சியை விட்டு வெளியேற்றிய அதே பொருள்தான்.

இது புதிய கண்டுபிடிப்பும் கிடையாது. ஐரோப்பாவில் பாஸ்பரஸ் தீக்குச்சி விற்ற காலத்திலேயே பாஸ்பரஸ் எலிப்பசையும் விற்றது. தடை வந்தபோது சட்டத்தின் கண் ஆலைத் தொழிலாளியின் மேல் இருந்தது. சட்டத்தின் பெயரிலேயே அது தெரியும்: தடை ‘தீக்குச்சி’க்கு. எங்கள் துறையில் இதை நன்றாகப் பார்த்திருக்கிறேன். ஒரு பிழை பத்து இடத்தில் இருக்கும், புகார் வந்த இடத்தில் மட்டும் திருத்திவிட்டு வேலை முடிந்தது என்று எழுதிவிடுவார்கள். மிச்ச ஒன்பது இடத்தில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தியாவில் பூச்சிமருந்துகளுக்கு என்று ஒரு முழுச் சட்டம் வரவே இன்னொரு சாவு வேண்டியிருந்தது. 1958இல் கேரளத்திலும் சென்னை மாகாணத்திலும், கப்பலில் பாரத்தியான் என்ற பூச்சிமருந்து சிந்திய உணவுப் பொருளைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் விளைவாகப் பத்து வருஷம் கழித்து, 1968இல் பூச்சிக்கொல்லிகள் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் எலிப்பசை கடைகளில் தாராளமாகக் கிடைத்தது.

அந்தப் பசை எலியோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களிலும் கல்லீரல் மருத்துவர்கள் வருஷக்கணக்கில் எழுதிவருவது இதைத்தான்: எலி மருந்தால் கல்லீரல் செயலிழந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் இளவயதினர். வீட்டுச் சண்டை, பரீட்சை முடிவு, கடன் என்று ஏதோ ஒரு கணத்து ஆத்திரத்தில் கைக்கு எட்டியதை எடுத்தவர்கள். தெரியாமல் வாயில் வைத்த குழந்தைகளும் உண்டு.

இந்த விஷத்தின் போக்கை எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். முதல் நாள் வாந்தி, வயிற்றுவலி இருக்கலாம், ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். அடுத்த ஓரிரு நாள் ஆள் நன்றாகத் தெரிவார். ‘ஒண்ணுமில்லைப்பா, சரியாயிருச்சு’ என்று குடும்பம் வீட்டுக்குக் கூட்டிவந்துவிடும். கல்லீரல் பழுதாவது அந்த நாட்களில்தான். மஞ்சள் காமாலை தெரியும்போது நேரம் கடந்திருக்கும். இதற்கென்று தனி முறிவு மருந்து கிடையாது. பிளாஸ்மா மாற்று சிகிச்சையால் பலர் பிழைத்திருக்கிறார்கள் என்று சி.எம்.சி. மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே எவ்வளவு கொஞ்சம் பட்டிருந்தாலும், ஆள் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், உடனே பெரிய மருத்துவமனை. ட்யூபையோ அட்டையையோ கையோடு எடுத்துப் போகவேண்டும்.

‘ஒன்றைத் தடை செய்தால் இன்னொன்றைத் தேடுவார்கள், தடையால் என்ன பயன்’ என்று கேட்பவர்கள் உண்டு. பதில் பக்கத்துக் கடலுக்கு அப்பால் இருக்கிறது. இலங்கையில் 1995வாக்கில் லட்சம் பேருக்கு 47 பேர் வரை தற்கொலையில் இறந்தார்கள். உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் அதுவும் ஒன்று. 1984இல் பாரத்தியான் வகைகள், 1995இல் மிகக் கொடிய வகையில் மிச்சமிருந்தவை, 1998இல் எண்டோசல்பான் என்று ஒவ்வொன்றாகத் தடுத்தார்கள். பத்தே வருஷத்தில், 2005வாக்கில், விகிதம் பாதியானது. நடுவே போரும் இருந்தது, வறுமையும் இருந்தது. கணநேர ஆத்திரம் வராமல் போய்விடவில்லை. அந்தக் கணத்தில் கைக்கு எட்டுவது கொல்லாததாக இருந்தது. பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி முயல்வதும் இல்லை.

தமிழ்நாடு அரசும் சில வருஷங்களுக்கு முன் மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசைக்குத் தடை விதித்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, விட்டுப்போன இன்னொரு இடத்தில் திருத்தம். ஆனால் அரசாணையால் பரணில் கிடக்கும் பழைய ட்யூபை எடுக்க முடியாது. அது நம் வேலை. இருந்தால் கையுறை போட்டு எடுத்து, பிள்ளைகளுக்கும் மாட்டுக்கும் எட்டாதபடி வைத்து, எப்படி அப்புறப்படுத்துவது என்று ஊராட்சியிலோ நகராட்சியிலோ கேட்டுச் செய்யுங்கள். நெருப்பில் போடக் கூடாது.

எலிக்கு? ஓட்டை உடைசலை சிமெண்டும் கம்பி வலையும் வைத்து அடைப்பது, தானியத்தைத் தகர டின்னில் மூடிவைப்பது, ராத்திரி எச்சில் பாத்திரம் போடாமல் இருப்பது. குலுக்கை செய்த வேலையும் இதுதான். அப்புறம் பொறி. மருந்து வைத்தே ஆகவேண்டும் என்றால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகைக் கேக்குகளுக்கு வைட்டமின் கே என்ற முறிவு மருந்து உண்டு. அதுவும் விஷம்தான், பூட்டி வைக்க வேண்டியதுதான். சாம்பல் நிறப் பொடியாக வரும் ஜிங்க் பாஸ்பைடு வேண்டவே வேண்டாம்.

மனசு சரியில்லாதவர்கள், அப்படி ஒருவரோடு வீட்டில் இருப்பவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம். தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.