பெயர் மறந்த கேம்கள்

ஊட்டிக்குத் தென்மேற்கே இருக்கும் அவலாஞ்சிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்று பலருக்குத் தெரிந்திருக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பெரிய மண்சரிவு ஏற்பட்டது. வெள்ளைக்காரர்கள் 'அவலாஞ்ச்' என்றார்கள். நம் வாயில் அவலாஞ்சி ஆகிவிட்டது. இன்று அங்கே போகிறவர்கள் ஏரியையும் சோலைக்காட்டையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள், எந்தச் சரிவு என்று யாரும் கேட்பதில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

பழைய கம்ப்யூட்டர் கேம்களின் கதை இதற்கு நேர் தலைகீழ். ஆடியது ஞாபகம் இருக்கும், பெயர் இருக்காது!

இந்தியப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் பெரிய அளவில் வந்தது 1984ல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில். பிரிட்டனின் பிபிசி மைக்ரோ கணினிகள் சுமார் 250 பள்ளிகளுக்குப் போயின. 90களில் டாஸ் கணினிகள் பரவலாயின. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நுழைய வேண்டிய ஏசி அறை, ஒரு கணினிக்கு மூன்று பேர். கேம்கள் பிளாப்பியிலிருந்து பிளாப்பிக்குக் காப்பியாகியே வந்தன. பெட்டி கிடையாது, அட்டைப்படம் கிடையாது, கையேடும் கிடையாது. டாஸில் ஒரு கோப்பின் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. அதனால் டைப் செய்த பெயரே கேமின் பெயரானது. 'டேஞ்சரஸ் டேவ்' வெறும் டேவ். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' வெறும் பிரின்ஸ். பிரின்ஸ் என்று அடித்து, இடைவெளி விட்டு மெகாஹிட் என்று சேர்த்தால் நினைத்தபோது அடுத்த லெவலுக்குத் தாவலாம் என்பது ஒரு தலைமுறையே காதோடு காதாகக் கற்ற ரகசியம். அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் குதிக்கவும் விட்டுப் படமெடுத்து, அதைப் பார்த்துத்தான் அந்த அசைவுகளை வரைந்தார் (1989). அதைச் சொல்லத்தான் ஆள் இல்லை.

பெயர் போனால் எழுதியவனும் போய்விடுகிறான். ஹெலிகாப்டரிலிருந்து ஆட்கள் குதிக்க, கீழிருந்து பீரங்கியால் சுடுவோமே, ஒரு பக்கம் நான்கு பேர் இறங்கிவிட்டால் ஒருவர் மேல் ஒருவர் ஏறி பீரங்கியைத் தகர்ப்பார்களே? அது 'பாராட்ரூப்பர்', 1982. எழுதியவர் கிரெக் குப்பர்பெர்க். பின்னாளில் கலிஃபோர்னியாவில் கணிதப் பேராசிரியர் ஆனார்.

இப்படித் தேடுகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைத்தான் முதலில் சொல்வார்கள். ஆனால் நிறத்தைப் போல மோசமான சாட்சி வேறில்லை. ஒரே கேம் ஒருவர் திரையில் நான்கு நிறம், இன்னொருவர் திரையில் வெறும் பச்சை. எப்படிச் செத்தோம் என்பதும் என்ன சத்தம் வந்தது என்பதும்தான் உருப்படியான தடயம். மண்ணைக் குடைந்து மரகதம் பொறுக்கும் கேமில் 'பாப்கார்ன்' என்ற மெட்டு ஓடும், செத்தால் சாவு ஊர்வல இசை வரும். முணுமுணுத்துக் காட்டினாலே போதும், 'டிக்கர்' என்று சொல்லிவிடுவார்கள். 1983ல் கனடாவின் விண்ட்மில் நிறுவனம் வெளியிட்டது, எழுதியவர் ராப் ஸ்லீத். நிறுவனம் மறைந்து, புதுக் கணினிகளில் கேமும் சரியாக ஓடாமல் போனபோது, ஆண்ட்ரூ ஜென்னர் என்ற ரசிகர் அதைப் பிரித்துப் பார்த்து 1998ல் மறுபடி எழுதினார். அவர் செய்ததற்குச் சம்பளம் ஏதும் இல்லை :-)

சரியான பெயர் கிடைத்தாலும் சில சமயம் தொல்லைதான். மேலிருந்து பாறைகள் விழ, அடுக்கடுக்கான தட்டுகளால் தடுக்கும் ஒரு கேம் உண்டு. பாறைக்குப் பதில் குண்டு விழுந்தால் அது 1981ல் ஆக்டிவிஷன் வெளியிட்ட 'கபூம்'. பாறைதான் என்று உறுதியாகத் தெரிந்தால் அதற்கு மூலமான அடாரியின் 1978 கேம். அதன் பெயர் அவலாஞ்ச். அதை மட்டும் தட்டித் தேடிப் பாருங்கள், பனிச்சரிவுக்கும் நீலகிரி ஏரிக்கும் நடுவில் எங்கேயோ கிடக்கும்.