காசு முன்னால்... ஏறுவது பின்னால்!

பஸ்ஸின் முன்வாசலில் ஏறி, டிக்கெட்டுக்குக் காசும் கொடுத்துவிட்டீர்கள். உடனே டிரைவர், ‘இறங்கு! பின்வாசல் வழியா ஏறு’ என்று விரட்டினால் உங்களுக்கு எப்படியிருக்கும்? அமெரிக்காவின் மாண்ட்காமரி நகரில் கறுப்பின மக்கள் அன்றாடம் பட்ட அவமானம் இது! அவர்கள் இறங்கிப் பின்னால் ஓடுவதற்குள் பஸ் கிளம்பிவிடுவதும் உண்டு. கொடுத்த காசு? போச்சு!

1943-ல் அப்படிப் பின்வாசலில் ஏற மறுத்த ரோஸா பார்க்ஸ் என்ற பெண்ணைக் கீழே இறக்கிவிட்டார், டிரைவர் ஜேம்ஸ் பிளேக். 1955, டிசம்பர் 1. மறுபடி அதே பிளேக் ஓட்டிய பஸ்! வெள்ளையருக்காக ஸீட்டை விட்டு எழச் சொன்னார். ரோஸா அசையவில்லை, கைதானார். கறுப்பின மக்கள் கொதித்தெழுந்து, பஸ் பக்கமே போகாமல் நடந்தார்கள் - 381 நாட்கள்! பயணிகளில் முக்கால்வாசிப் பேர் அவர்கள்தானே? பஸ்கள் காலியாக ஓடின. கடைசியில், உச்ச நீதிமன்றமும் அவர்கள் பக்கமே நின்றது.

1956, டிசம்பர் 21. காசு கொடுத்த அதே முன்வாசல் வழியாகவே உள்ளே நடந்து, பிடித்த ஸீட்டில் உட்கார்ந்தார்கள்!