வெட்டிக் காப்பாற்றிய பவளங்கள்

இன்றைக்கு ஒரு வைத்தியத்தின் வரலாற்றைப் பார்க்கப் போகிறோம். நோயாளி மனிதர் இல்லை, பவளம். வைத்தியம் கண்டுபிடித்தவர்களில் பலர் விஞ்ஞானிகளும் இல்லை. வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் கடலை வளர்க்கப் பார்த்த ஆட்கள்.

முதலில் நோய் என்ன என்று தெரிஞ்சுக்கணும். நாம் பவளம் என்று பார்க்கும் கல், அந்த உயிர் கட்டிய சுண்ணாம்புக் கூடு. உயிர் அந்தக் கூட்டின் மேல் மெல்லிய தோல் மாதிரி படர்ந்திருக்கும். அந்தத் தோலில்தான் பாலிப் எனப்படும் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன வாய்கள். சில சமயம் அந்தத் தோல் அடியிலிருந்தோ ஓரத்திலிருந்தோ பின்வாங்க ஆரம்பிக்கும். பின்வாங்கிய இடத்தில் வெள்ளைக் கூடு தெரியும். சில நாளில் அதன் மேல் பாசி ஏறிவிடும். வெளிறிப்போவது வேறு, இது வேறு. வெளிறிய பவளத்தில் சதை இருக்கும். சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் போயிருக்கும். அது திரும்பி வரலாம். பின்வாங்கிய பவளத்தில் சதையே இல்லை. மெதுவாக நடந்தால் மாதக்கணக்கு. வேகமாக நடந்தால் ராத்திரி நன்றாக இருந்த கொம்புப் பவளம் காலையில் வெறும் எலும்பு.

இதற்கு மனிதர்கள் கடைசியில் கண்டுபிடித்த முக்கியமான வைத்தியம் கேட்டால் விநோதமாக இருக்கும்: நோயாளியை வெட்டு. அது எப்படி வைத்தியம் ஆகும் என்பதற்குப் பதில் கிட்டத்தட்ட முந்நூறு வருடங்களுக்கு முன்னால் இருக்கிறது.

1720களில் மார்செய்யைச் சேர்ந்த பெய்சோனல் என்ற மருத்துவர், நம்ம ஊரில் மோதிரத்தில் வைத்துக் கட்டும் செம்பவளத்தைக் கடல்நீரில் உயிரோடு வைத்துக் கவனித்தார். அதுவரை எல்லோரும் பவளத்தைச் செடி என்றும், அதில் விரிவதைப் பூ என்றும் நினைத்திருந்தார்கள். அந்தப் "பூ" தொட்டால் சுருங்குகிறது, அது ஒரு விலங்கு என்றார் பெய்சோனல். பாரிஸ் அறிவியல் கழகத்தில் ரேமூர் என்ற பெரிய இயற்கையியலாளர் 1727ல் இந்தக் கருத்தைப் படித்தார், எழுதியவர் பெயரைச் சொல்லாமல். அவ்வளவு நம்ப முடியாத விஷயமாக அது பட்டிருக்கிறது.

அடுத்தது 1740. ஹாலந்தில் ஹேக் நகரத்துக்குப் பக்கத்தில், ஒரு பிரபு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார் ஆபிரகாம் டிரெம்ப்ளே. குளத்துத் தண்ணீரில் பச்சையாக ஒரு சின்ன உயிர் அவர் கண்ணில் பட்டது. இன்றைக்கு அதை ஹைட்ரா என்கிறோம். பவளத்துக்குத் தூரத்துச் சொந்தம். செடியா, விலங்கா என்று தெரியவில்லை. இரண்டாக வெட்டிப் பார்த்தார். விலங்கு என்றால் சாகும், செடி என்றால் இரண்டும் துளிர்க்கும் என்பது கணக்கு. இரண்டும் துளிர்த்தன. ஆனால் அந்த இரண்டும் நகர்ந்தன, இரை பிடித்துத் தின்றன. செடி மாதிரி துளிர்க்கும் விலங்கு! இதைப் பார்த்த பிறகுதான் ரேமூரும் பெய்சோனல் சொன்னதை ஒப்புக்கொண்டார்.

இங்கே ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பவளக் கூட்டத்தில் தலை என்று ஒன்று கிடையாது, இதயம் என்று ஒன்று கிடையாது. ஒரு துண்டு பிழைத்தால் அந்த உயிரே பிழைத்தது.

ஆனால் துண்டு பிழைக்க ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டைக் கட்டத்தான் ரொம்ப நாளாச்சு. 1928-29ல் மாரிஸ் யங் தலைமையில் ஒரு பிரிட்டிஷ் குழு ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டில், லோ ஐல்ஸ் தீவில் ஒரு வருடம் தங்கி ஆராய்ந்தது. பவளங்களை வெளிச்சம் புகாத பெட்டிகளில் அடைத்து வைத்தும் பார்த்தார்கள். 1950களில் ஜமைக்காவில் தாமஸ் கோரோ, வெளிச்சத்தில் இருக்கும் பவளம் இருட்டில் இருப்பதைவிட வேகமாகச் சுண்ணாம்பு கட்டுகிறது என்று கதிரியக்கக் கால்சியத்தை வைத்துக் காட்டினார். வெளிச்சம், தண்ணீரில் கால்சியம், சுத்தம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் தோல் பின்வாங்கும்.

தொட்டிக்காரர்கள் இந்த மூன்றையும் அவரவர் வழியில் பிடித்தார்கள். ஜகார்த்தாவில் லீ சின் எங், கடலிலிருந்து உயிருள்ள பாறைத் துண்டுகளை எடுத்துவந்து தொட்டியில் போட்டார். வடிகட்டி வைக்கவில்லை, காற்றுக் குமிழி மட்டும். பாறையில் இருக்கும் பாக்டீரியாவே தண்ணீரைச் சுத்தம் செய்துவிடும். 1961ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்புப் பத்திரிகையில் அவர் இதை எழுதியபோது, பலரால் அதைச் செய்து காட்ட முடியவில்லை. அவருக்குப் பக்கத்திலேயே வெப்பமண்டலக் கடலும் வெயிலும் இருந்தது. சிகாகோவில் குளிர்காலத்தில் இருப்பவர் என்ன செய்வார்?

பதில் ஜெர்மன் பேசும் நாடுகளிலிருந்து வந்தது. பீட்டர் வில்கென்ஸ் தன் எழுத்துகளில் ஒரு பழைய பொருளைச் சிபாரிசு செய்தார்: சுண்ணாம்புத் தெளிவு. சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, அடியில் படிந்த பிறகு மேலே நிற்கும் தெளிந்த நீர். தொட்டியிலிருந்து ஆவியாகிப் போகும் தண்ணீருக்குப் பதிலாக இதைச் சொட்டுச் சொட்டாக விட்டால், பவளம் உறிஞ்சிக்கொண்ட கால்சியம் திரும்பக் கிடைக்கும். காரம் அதிகம், ஒரேயடியாக ஊற்றினால் எல்லாம் சாகும், அதனால்தான் சொட்டு. 1980களில் பெர்லினில் டீட்ரிஷ் ஸ்டூபரும் அவருடைய நண்பர்களும் உயிர்ப்பாறை, கடுமையான விளக்கு வெளிச்சம், அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் கருவி, சுண்ணாம்புத் தெளிவு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். 'பெர்லின் முறை' என்று பெயர் வந்தது. கடலே இல்லாத ஊரில் கொம்புப் பவளம் வளர ஆரம்பித்தது.

இதில் மனசைத் தைக்கிற ஒன்று இருக்கிறது. பெர்லினில் பவளத்தை வளர்க்கச் சுண்ணாம்பு விட்ட அதே காலத்தில், நம்ம மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். 2001ல்தான் கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. அதனால் இங்கே நான் சொல்லும் வைத்தியத்தைக் கேட்டுவிட்டு யாரும் ராமேஸ்வரம் பக்கம் போய் ஒரு கொம்பை ஒடித்து எடுத்து வந்துடாதீங்க. அது குற்றம்.

சரி, ஸ்டூபருக்கு வருவோம். பவளம் வளர்ந்து தொட்டியை முட்டினதும் கிளைகளை ஒடித்து நண்பர்களுக்குக் கொடுத்தார். அவர்கள் தங்கள் நண்பர்களுக்கு. அவருடைய கொம்புப் பவளத்தின் துண்டுகள் இப்படியே நாடு விட்டு நாடு போயின. இதைத் தாராள மனசு என்று மட்டும் சொல்ல முடியாது, இது காப்பீடும்கூட. ஒரு தொட்டியில் மின்சாரம் போய்ப் பவளம் செத்தால், கொடுத்தவர் வாங்கினவரிடமிருந்து ஒரு துண்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

1990களில் கொம்புப் பவளங்கள் ராத்திரியோடு ராத்திரியாகச் சதை உரிந்து சாகும் நோய் தொட்டிகளில் பரவியபோது, இந்தப் பழக்கமே வைத்தியமாக மாறியது. உரியும் கோட்டுக்கு மேலே, நல்ல சதையில், கொஞ்சம் தள்ளி வெட்டு. கோட்டை ஒட்டி வெட்டினால் பிரயோஜனமில்லை. கண்ணுக்குத் தெரியாமல் நோய் ஏற்கெனவே உள்ளே போயிருக்கலாம். வெட்டிய நுனியை அயோடின் கலந்த கடல்நீரில் நனைத்து, சூப்பர் க்ளூ வைத்துப் புதுக் கல்லில் ஒட்டி, நல்ல நீரோட்டத்தில் வை. சிலர் குளோராம்பெனிகால் என்ற ஆண்டிபயாட்டிக்கில் முக்கிப் பார்த்தார்கள். அது மனிதர்களுக்கே எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடிய மருந்து, வீட்டில் கையாள வேண்டியதில்லை.

எல்லாப் பின்வாங்கலும் ஒரே நோய் இல்லை என்பதும் மெதுவாகத்தான் புரிந்தது. சில தொட்டிகளில் காரணம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சிறிய சிவப்புப் பூச்சி. அதற்கு 2000களில் கிடைத்த மருந்து, நாய்களுக்கு இதயப்புழு வராமல் கொடுக்கும் மில்பிமைசின் மாத்திரை. பூச்சி சாகும், கூடவே தொட்டியில் இருக்கும் இறாலும் நண்டும் சாகும். இன்னொரு காரணம் பவளத்தைத் தின்னும் தட்டைப்புழு. அது முட்டை இடுவது சதை போன வெறும் கூட்டில். மருந்தில் முக்கினால் புழு விழும், முட்டை அசையாது. அந்த வெறும் அடியை வெட்டி எறிந்தால்தான் தீரும். திரும்பவும் வெட்டுதான்! ஆனால் தண்ணீர் கெட்டதால் பின்வாங்கினால் எத்தனை துண்டு வெட்டினாலும் அத்தனை துண்டும் அதே தண்ணீரில்தான் சாகும். அதனால் அனுபவசாலிகள் முதலில் எடுப்பது கத்தரியை இல்லை. தண்ணீரைச் சோதிக்கும் குப்பிகளை.

வீட்டுத் தொட்டியில் கற்றது கடலுக்குப் போனது ஃப்ளோரிடாவில். கரீபியன் பகுதியில் 1970களின் இறுதியிலிருந்து வெள்ளைப்பட்டை நோய் கொம்புப் பவளங்களை அழித்துக்கொண்டிருந்தது. கென் நெடிமையர் அந்தப் பகுதியில் மீன்தொட்டிக் கடைகளுக்காகக் கடல் உயிர்கள் பிடித்து விற்றவர், தொட்டிகளுக்கான பாறையைக் கடலுக்கடியில் வளர்த்தவர். அவருடைய பாறைகளில் மான்கொம்புப் பவளம் தானாக வந்து ஒட்டியது. அதை வெட்டி, ஒட்டி, பெருக்கினார். அதிலிருந்து கடலடி நாற்றங்கால் பிறந்தது. 2007ல் பவள மீட்புக்கு ஒரு அறக்கட்டளையும் தொடங்கினார்.

2014ல் மயாமிக்குப் பக்கத்தில் இன்னும் மோசமான ஒன்று வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பவள வகைகளில் சதை உரியும் நோய். கரையோரமாக நகர்ந்துகொண்டே போனது. அங்கே முக்குளிப்பவர்கள் செய்ததைப் பாருங்கள்: உரியும் கோட்டுக்கு முன்னால் பவளத்தில் ஒரு பள்ளம் வெட்டினார்கள், காட்டுத்தீக்கு முன்னால் தடம் வெட்டுவது போல. முதலில் குளோரின் கலந்த எபாக்ஸியைப் பூசினார்கள். பிறகு அமாக்சிசிலின் பசை. அது நன்றாக வேலை செய்தது. ஆனால் பூசிய காயம் ஆறும், வேறு இடத்தில் புதுக் காயம் வரலாம். அதனால் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கணும். கடலில், ஒவ்வொரு பவளமாக!

அதனால் 2018க்குப் பிறகு நோய் வந்து சேராத இடங்களிலிருந்து பவளங்களை எடுத்து, அமெரிக்காவின் பல மாநிலங்களில் உள்ள காட்சியகத் தொட்டிகளுக்கு அனுப்பினார்கள். தூண் பவளம் ஃப்ளோரிடா கடலில் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. அதன் வம்சம் தொட்டிகளில் மிச்சம்.

வெட்டு எனும் வைத்தியத்தின் எல்லையும் இங்கேதான் தெரிகிறது. ஒரு துண்டு தாயின் நகல். ஆயிரம் துண்டு செய்தாலும் அது ஒரே உயிர். தாயை வீழ்த்திய வெப்பம் ஆயிரத்தையும் வீழ்த்தும். கடலுக்குப் புதுப் பிள்ளைகள் வேண்டும். லண்டன் ஹார்னிமன் அருங்காட்சியகத்தில் ஜேமி கிராக்ஸ், தொட்டிக்குள்ளேயே வருடத்தின் வெப்ப ஏற்றத்தாழ்வையும் நிலவின் வளர்பிறை தேய்பிறையையும் விளக்குகளால் உண்டாக்கி, பவளங்களை இனப்பெருக்கம் செய்ய வைத்திருந்தார். அந்த முறையைக் கொண்டு ஃப்ளோரிடாவில் 2019 ஆகஸ்டில் தூண் பவளம் தொட்டிக்குள் முட்டையிட்டது.

கத்தரி இந்த வரலாற்றில் வாங்கித் தந்தது அவகாசத்தை மட்டும்தான் என்று நான் நினைக்கிறேன். கடலிலேயே தண்ணீர் சூடாகிறது. 2023 கோடையில் ஃப்ளோரிடாவின் நாற்றங்கால் பவளங்களைக் கரையில் இருக்கும் தொட்டிகளுக்குத் தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. தொட்டிக்காரர்கள் முதலில் கற்ற பாடம், தண்ணீரைச் சரி செய், பிறகு வெட்டு என்பது. கடலைப் பொறுத்தவரை நாம் இரண்டாவதை மட்டும்தான் நன்றாகக் கற்றிருக்கிறோம்.